சுவர்ப் பக்கம் திருப்பிய மூலை

தம்பி,

உனக்குப் பல தரம் போன் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் கிளிநொச்சியில் மழையா என்று கேட்டேன், இல்லை என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன், ஓம் என்றாய். வைத்துவிட்டோம். கடையில் நாள் முழுக்கக் கதைத்துப் பிழைக்கிறவன் நான். ஆணி வாங்க வந்தவனுக்குச் சுத்தியலையும் விற்று அனுப்பத் தெரிந்த வாய் இது. அந்த வாய்க்கு உன்னிடம் ஒரு வசனம் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொருளைக் காட்டாமல் விலை பேசுவது எனக்குப் பிடிக்காது. உன் மீன்தொட்டியை உடைத்தது நான். உன் மீனைக் கொன்றதும் நான். உன் மனைவி உனக்குப் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது உன் அப்பாவான நான்.

இதை உனக்கு மட்டும் தபாலில் போட்டிருக்கலாம். எல்லாரும் படிக்கிற பத்திரிகையில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் உன் மனைவி றெஜினாவை வைத்து அடித்த பகிடி, சிரித்தவர்களின் வாய்வழியே வெளியே போய், சுன்னாகம் சந்தையில் வெங்காயம் நிறுக்கிறவர்கள் வரைக்கும் வந்து, ஒருநாள் என் கடை வாசலிலேயே எனக்குத் திருப்பிச் சொல்லப்பட்டது. சந்தையில் பத்துப் பேர் பார்க்க நிறுவையில் பிழைவிட்டவன், ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டு இரகசியமாகத் திருத்தினால் அது திருத்தம் இல்லை. பத்துப் பேர் பார்க்கத்தான் திரும்ப நிறுக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் மற்றவர்களுக்காக இதில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

எங்கள் வீட்டுச் சாமான்களை ஒருமுறை நினைத்துப் பார். மூடி பொருந்தாத கேத்தில். ஒரு பக்கம் நிறம் போன வாளி. குளியலறைச் சுவரில் நான்கு விதமான நீலம் இருப்பது வடிவுக்காக அல்ல, நான்கு பேர் வாங்கி மிஞ்சிய ரைல்ஸ் அவை. கட்டடப் பொருள் விற்கிறவன் வீட்டுக்கு விற்கமுடியாதது மட்டும்தான் வரும். யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்து பார்த்தபோது வீடுகளில் கதவுகள் இருக்கவில்லை. நான் சைக்கிள் கரியரில் கதவுப் பிணைச்சலும் கொண்டியும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றேன். கடதாசியை விரித்து அடுக்கும்போது துருப்பிடித்த பக்கம் கீழே இருக்கும், நல்ல பக்கம் மேலே. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறவனிடம் நான் ஒன்றும் மறைக்கவில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். பிறகு கடை வந்தது. கீறல் விழுந்த சிங், சப்பளிந்த தகரப்பேணி, எல்லாவற்றுக்கும் என் கடையில் ஒரே சட்டம்: பழுது சுவர்ப் பக்கம். அந்தச் சட்டத்தால்தான் உன்னைப் படிப்பித்தேன், இந்த வீட்டைக் கட்டினேன். அது எவ்வளவு தூரம் என் கைக்குள் ஊறிப்போயிருக்கிறது என்பது இந்தத் தைப்பொங்கலுக்கு முன்தான் எனக்குத் தெரிந்தது.

உன் தொட்டியும் மிஞ்சிய கண்ணாடிதான். யாரோ யன்னலுக்கு அளவு கொடுத்து வெட்டுவித்துவிட்டுப் பிறகு எடுக்க வராத தகடுகள். நீ அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாய். கடையின் பின்பக்கத்தில் குந்தியிருந்து நீயே பொருத்தினாய். ஒட்டுவதற்குச் சிலிக்கன் கேட்டபோது, குளியலறைக்குப் போட்டு அரைவாசி மிஞ்சிய குழாயை எடுத்துத் தந்தேன். நீ வாங்கவில்லை.

"இதுக்குள்ளை பூஞ்சணம் பிடியாமல் இருக்க மருந்து கலந்திருக்கு அப்பா. மீனுக்கு நஞ்சு. மருந்து கலவாத புதுக் குழாய் ஒண்டு தாங்கோ."

"மீனுக்கென்ன, உன்னைவிட மேலான கவனிப்போ? உதைப் போடு."

நீ றோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய், உன் கைக்காசில் வாங்கிக்கொண்டு வந்தாய். எதிர்க்கடைக்காரர் வாசலில் நின்று எனக்குக் கேட்கக் கத்தினார். "அண்ணை, உங்கடை பொடியன் எங்கடை வாடிக்கை! அப்பிடியே கடையையும் கையோடை எழுதித் தாங்கோவன்!" எனக்கு வந்த கோபத்தில் உன்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. ஆனால் நீ சொன்னதை மட்டும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மீன்தொட்டிக்கு என்று யார் சிலிக்கன் கேட்டு வந்தாலும், அந்தக் குழாயை எடுக்காதேயுங்கோ, மருந்து கலந்தது, மீனுக்கு நஞ்சு என்று உன் வார்த்தைகளையே சொல்லி விற்றேன். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

அந்தத் தொட்டிக்குள் நீ வளர்த்த தங்கமீனுக்குச் சம்மாட்டி என்று பெயர் வைத்தாய். கரையோரத்தில் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து, ஆள் வைத்துத் தொழில் செய்கிறவரை அப்படிச் சொல்வார்கள். மற்ற மீன்களை இடித்துத் தள்ளிவிட்டு இரையைத் தானே எடுத்ததால் அதற்கு அந்தப் பட்டம். கடைசியில் மற்றவை போய், அது ஒன்றுதான் உள்ளங்கையளவுக்கு வளர்ந்து நின்றது. மீன்பிடிக்கிற சனம் வாழும் குருநகரில் நீ பெண்ணெடுப்பாய் என்று அப்போது யார் கண்டது? கல்யாணத்தன்று றெஜினாவின் தகப்பன் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "என்னட்டை ஒரு வள்ளந்தான் இருக்கு. உங்கடை சம்மாட்டிக்குக் கண்ணாடி மாளிகையே இருக்கு. அவர் நிக்கிற வீட்டுக்கு நான் என்ன சீதனம் தாறது?" என்று சொல்ல, மாதா கோயில் முற்றமே சிரித்தது. தன்னையும் தன் தொழிலையும் வைத்து அவர் அடித்த பகிடி அது. ஒருவரையும் குத்தாத பகிடி. அதையும் நினைவில் வைத்துக்கொள்.

நீ கிழமை முழுக்கக் கிளிநொச்சியில் வேலை, வெள்ளி பின்னேரம்தான் வீடு. நீ இல்லாத நாட்களில் தொட்டியைப் பார்த்தது றெஜினா. தண்ணீர் மாற்றுவதும் இரை போடுவதும் அவள்தான். பொங்கலுக்கு முன் சனம் வீடு திருத்தும், ரைல்ஸ் ஓடும். கடைக் களஞ்சியம் நிறைந்துபோய், மிச்சப் பெட்டிகளை வீட்டு ஹோலுக்குள் அடுக்கினேன். தொட்டிப் பக்கம் வைக்க வேண்டாம் என்று தொட்டி வைத்த முதல் வருடமே நீ சொல்லியிருந்தாய். அந்தப் புதன்கிழமை பின்னேரம் றெஜினா கோயிலுக்குப் போயிருந்தாள், அம்மா சந்தைக்கு. நான் ஒரு பெட்டியை இறக்கி வைத்து முழங்காலால் தள்ளினேன். சோற்றில் கல் கடிபட்டது போல ஒரு சின்னச் சத்தம். தொட்டியின் கீழ்மூலையில், முன்பக்கத்தில், உளுத்தம் பருப்பளவு சில்லுப் பெயர்ந்திருந்தது. அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கண்ணாடி விற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒன்றுமே இல்லை. எமரித்தாளை நனைத்து விளிம்பை மெதுவாகத் தேய்த்து, கையை வெட்டாமல் மழுக்கிவிட்டு, "பிள்ளை, பெட்டி முட்டிப்போச்சு" என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அரைவாசித் தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றிவிட்டு, தொட்டியைக் கட்டிப்பிடித்து, பழுதுபட்ட மூலை சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். சீமெந்துப் பை தூக்கிய உடம்பு, ஒரு கை உதவி தேவைப்படவில்லை. மீன் உள்ளே நின்று என்னைப் பார்த்தது. திருப்பும்போது அந்த மூலை, தொட்டி வைத்த ஸ்ராண்டின் விளிம்பில் ஏறி இறங்கியது. இந்த முறை சத்தமே இல்லை. ஆனால் பெயர்ந்த இடத்திலிருந்து சின்னவிரல் நீளத்துக்கு மயிர்போல ஒரு கோடு மேலே ஓடியிருந்தது. தம்பி, வாடிக்கையாளர் இல்லாத வீடு அது. யாருக்கு விற்பதற்காக அந்தப் பக்கத்தை மறைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இருட்டும் முன்பே அடியில் போட்டிருந்த ஸ்பொஞ்சின் ஓரம் நனையத் தொடங்கிவிட்டது. மறுநாள் காலை றெஜினாவிடம், தொட்டி பாசி பிடித்துவிட்டது, நான் கழுவித் தருகிறேன் என்றேன்.

"முந்தநாள்தானே மாமா துடைச்சனான்?"

"உள்மூலையிலை கிடக்கு. உனக்குத் தெரியேல்லை."

"அப்ப நானும் ஒரு பக்கம் பிடிக்கிறன்."

"வேண்டாம் பிள்ளை, நீ உலையைப் பார்."

அவள் மீனை மெதுவாக ஏந்திப் பேசினுக்குள் விட்டுவிட்டு, "சம்மாட்டியார், உமக்கு இண்டைக்கு இடப்பெயர்வு. சாமான் சக்கட்டையை எடும்" என்று அதோடு கதைத்தாள். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் கடைக்குப் போனேன். தட்டில் புதுக் குழாய் இருந்தது. அதற்குப் பக்கத்தில், யாருடைய சிங்குக்கோ போட்டுவிட்டு மூக்கில் ஆணி செருகி வைத்த பழைய குழாயும் இருந்தது. குளியலறைச் சிலிக்கன். என் கை முதலில் புதியதைத்தான் எடுத்தது. பிறகு வைத்துவிட்டது. இவ்வளவு சின்ன வெடிப்புக்குப் புதிசை உடைப்பதா, இவ்வளவு தண்ணீருக்குள் அந்தத் துளி மருந்து என்ன செய்யும் என்று ஓர் எண்ணம். யோசித்து வந்த எண்ணம்கூட இல்லை, பழக்கத்தில் வந்தது. வீட்டுக்கு மிச்சம்தானே. ஆணியைப் பிடுங்கி உள்மூலையில் பிதுக்கி, பெருவிரலால் இழுத்துத் தடவினேன். சுரண்டவில்லை, ஸ்பிரித்துப் போட்டுத் துடைக்கவில்லை, ஒட்டுக்கண்ணாடி வைக்கவில்லை. வாடிக்கையாளருக்கு இப்படி வேலை செய்து கொடுத்திருந்தால் அடுத்த நாளே கடைக்கு வந்து கத்தியிருப்பான்.

மத்தியானம் சோறு போடும்போது றெஜினா கேட்டாள், "என்ன மாமா, வினாகிரி மணக்குது?" காயாத சிலிக்கனின் மணம் அது. கடை மணம் என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். பெருவிரல் நகத்துக்குள்ளும் ரேகைக்குள்ளும் சிலிக்கன் பிடித்துக் காய்ந்து தோல்போல நின்றது. "தேங்காயெண்ணெய் போட்டு உரஞ்சுங்கோ. இல்லாட்டிப் போகாது. அப்பாவும் வள்ளத்துக்குப் பூசிப்போட்டு உப்பிடித்தான் வந்து நிப்பார்" என்று சொல்லிவிட்டு, குசினிக்குப் போய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இது பெயின்ற், பிள்ளை, தானாகப் போய்விடும் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை தொட்டியை நிரப்பினோம். மீனைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப விடலாமோ மாமா?" என்று கேட்டாள். "ஓம், விடு" என்றேன். இதுவரை நான் எழுதியதெல்லாம் கஞ்சத்தனமும் கள்ளமும். இனி எழுதுவது வேறு. மத்தியானத்துக்கு முன் அவள் கடைக்குப் போன் எடுத்தாள். "மாமா, சம்மாட்டி மேலை வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. திரும்பப் பேசினுக்குள்ளை விடவோ?" கடையில் ஆட்கள் நின்றார்கள். ஓம் என்று சொன்னால் தண்ணீரில் பிழை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். "புதுத் தண்ணி பிள்ளை, பழகிப்போகும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நேரம் மாற்றியிருந்தால் உன் மீன் பிழைத்திருக்கக்கூடும். என் சொல்லைக் கேளாமல் பின்னேரம் அவளாகவே மாற்றியிருக்கிறாள். பிந்திவிட்டது.

நீ வந்தபோது என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சொல்ல வட்டுக்கோட்டையிலிருந்து எங்கள் உறவினர் குடும்பமாக வந்து ஹோல் நிறைய இருந்தார்கள். மீன் செத்து மிதந்த பேசினை நீ பார்த்தாய். பிறகு தொட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, நிலத்தில் ஓடியிருந்த தண்ணீரைத் தொட்டு, சுவர்ப் பக்கம் தலையை விட்டுப் பார்த்தாய்.

"உதென்ன வெடிப்பு? றெஜினா, தொட்டியை ஆர் அசைச்சது?"

"மாமாதான் கழுவினவர்."

நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னேன், "நான் கழுவிக் குடுத்தனான். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது."

"மாமா விடச் சொல்லித்தானே நான் விட்டனான்" என்றாள் அவள். குரலில் சண்டை இல்லை. நடந்ததைச் சொன்னாள். வந்திருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகத்தைக் காப்பாற்ற எனக்கு ஒரு பகிடி தேவைப்பட்டது. வியாபாரியின் நாக்கு, கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தது. "குருநகர்ப் பிள்ளையிட்டை மீனை வளக்கக் குடுத்தால் வேறை என்ன நடக்கும்? அவைக்கு மீனைச் சட்டிக்குள்ளை பாத்துத்தானே பழக்கம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், தம்பி. பாதிச் சிரிப்புத்தான், ஆனால் சிரித்தாய். அவள் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பெருவிரலைப் பார்த்தாள். சிலிக்கன் அப்படியே இருந்தது, நான் எண்ணெய் போடவில்லை. அந்த விரலைப் பிடித்து உனக்குக் காட்டியிருந்தால் போதும், அந்த இடத்திலேயே நான் முடிந்திருப்பேன். அவள் காட்டவில்லை. கையை நான் மடிக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் முறைப்படி முதல் கிளாசை எனக்கு வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கொடுத்து முடித்து, கதவு நிலையோடு நின்றாள். நான் அந்தத் தேத்தண்ணியைத் தொடவில்லை.

அவர்கள் போனபிறகு உங்கள் அறையிலிருந்து உன் சத்தம் கேட்டது. "மீன் போனால் போகட்டும். ஏன் அப்பாவிலை பழி போடுறாய்? பிழை விட்டால் விட்டனெண்டு சொல்லன். பொய் சொல்லாதை." கதவு அடித்துச் சாத்தியிருக்கவில்லை. நான் எழும்பிப் போய்த் தட்டியிருக்கலாம். என் கதிரைக்கும் உன் கதவுக்கும் இடையில் ரைல்ஸ் பெட்டிகள்தான் இருந்தன. நான் ரீவியின் சத்தத்தைக் கூட்டினேன். ஞாயிறு பூசைக்குக் குருநகருக்குப் போனவள் அங்கேயிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்து, "மாமி, நான் கொஞ்சநாள் இஞ்சை நிண்டிட்டு வாறன்" என்றாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நீயும் வருவதில்லை.

உன் கல்யாணத்துக்குச் சம்மதித்தபோது நான் என்னைப் பெரிய மனுசனாக நினைத்துக்கொண்டேன். வேற்றுச் சமயம், கரையோரத்துச் சம்பந்தம், சொந்தத்துக்குள் முணுமுணுப்பு, எல்லாவற்றையும் தாண்டி நின்றேன் என்று கடையிலும் சொல்லித் திரிந்தேன். சம்மதித்தது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளையை எங்கள் வீட்டு ஆளாக நான் எடுத்திருந்தால், நெருக்கடி வந்த நேரத்தில் என் நாக்குக்கு முதலில் அகப்பட்டது அவளுடைய ஊராக இருந்திருக்காது. உன் அம்மா அந்த மீனுக்கு ஏதாவது செய்திருந்தால் அவள் பிறந்த ஊரையா நான் இழுத்திருப்பேன்? நான் மனதில் மூடி வைத்திருந்த பழுதான பக்கம் அது. தொட்டி உடைந்தது தற்செயல், மீன் செத்தது என் பழக்கத்தால். இது இரண்டும் இல்லை. இதற்கு ஒட்டுப்போட என் கடையில் பொருள் இல்லை.

கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னேன். அவள் அகப்பையைச் சட்டிக்குள் திரும்பப் போட்டாள். கோப்பையையும் எடுத்துவிட்டாள். "சோறு பிறகு தாறன். முதலிலை குருநகருக்குப் போங்கோ" என்றாள். இத்தனை வருடத்தில் என் முன்னாலிருந்து அவள் கோப்பையை எடுத்தது அன்றைக்குத்தான்.

போனேன். றெஜினாவின் தகப்பன் வாசலில் என்ஜினைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்கோ வாங்கோ! கை ஊத்தை, பிடிக்கேலாது" என்று சிரித்தார். அவர் முன்னாலேயே அவளைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "எனக்குத் தெரியும் மாமா" என்றாள்.

"அப்ப அண்டைக்கு ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்களே சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். உங்கடை தேத்தண்ணி ஆறுமட்டும் நிண்டனான்." "பிறகு இவர் என்னைப் பொய்காரி எண்டிட்டார். அதுக்குப் பிறகு உங்கடை விரலைக் காட்டி நான் நல்லவளெண்டு காட்டுறதோ? என்ரை வாயை நம்பாதவருக்கு உங்கடை விரல் எதுக்கு? எனக்குச் சொல்ல வேண்டாம். அவருக்குச் சொல்லுங்கோ."

இப்படி எல்லாருக்கும் தெரிய எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. ஆனா என்னை மாதா மாதிரி எழுதிப்போடாதேயுங்கோ. நான் அம்மாவிட்டை உங்களைத் திட்டினது கொஞ்சநஞ்சமில்லை" என்றாள். தகப்பன் என்ஜினிலிருந்து தலையைத் தூக்காமல், "மெய்தான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே உங்களிலை பாவமாய்ப் போச்சு" என்றார். பிறகுதான் அவர் முகம் மாறியது. "மற்றக் கதையும் எங்கடை காதுக்கு வந்தது" என்றார். சட்டிக் கதை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்ப என்ஜினைத் துடைக்கத் தொடங்கினார்.

வந்து தொட்டியைத் திருத்தினேன். இந்த முறை வீட்டுக்குத்தானே என்று அல்ல, எனக்குத் தெரிந்த அளவுக்குச் சரியாக. நஞ்சுச் சிலிக்கனைப் பிளேட்டால் கடைசி நூல்வரை சுரண்டி எடுத்தேன். ஸ்பிரித்துப் போட்டுத் துடைத்து, காயவிட்டு, வெடிப்பை மூடி நாலாபக்கமும் தாண்டி நிற்க ஒரு கண்ணாடித் துண்டு வெட்டினேன். மிஞ்சிய துண்டில் அல்ல, முழுத் தகட்டில். புதுக் குழாயின் மூக்கை வெட்டினேன். துண்டை உள்ளே வைத்து, காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி, ஓரம் முழுக்க இழுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். காயுமட்டும் பொறுப்பதுதான் இந்த வேலையில் பாதி, எனக்கு அதுதான் வராது. வினாகிரி மணம் முழுக்கப் போனபிறகு அடியில் வெள்ளைக் கடதாசி விரித்துத் தண்ணீர் நிரப்பினேன். ஒவ்வொரு நாளும் குனிந்து பார்க்கிறேன். கடதாசி காய்ந்துதான் கிடக்கிறது. ரைல்ஸ் பெட்டிகளைக் கடைக்கே கொண்டுபோய்விட்டேன். ஒட்டுப்போட்ட மூலை இப்போது வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. வடிவில்லை. வெயில் பட்டால் சதுரமாகத் தெரியும். வருகிறவர்கள், "உதென்ன அண்ணை ஒட்டு?" என்று கேட்கிறார்கள். நான் உடைத்தது என்று சொல்கிறேன். முதல் தரம் சொல்லக் கஷ்டமாக இருந்தது. இப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மீன் விடவில்லை. அது நீங்கள் இரண்டு பேரும் முடிவெடுக்கிற காரியம். இன்னொரு தங்கமீனை வாங்கி அதற்கும் அதே பெயரை வைக்கிற புத்தி எனக்கு வந்தது, உண்மையைச் சொல்கிறேன். அம்மா தடுத்துவிட்டாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லும் தகுதி எனக்கு இப்போது குறைவு என்றாலும் சொல்கிறேன். என் பிழை எனக்கு. ஆனால் உன் பங்கு ஒன்று இருக்கிறது. அதை என் பிழையால் பூசி மறைக்காதே. நான் பொய் சொன்னேன், நீ அதை நம்பினாய். தகப்பனை நம்பியது குற்றமில்லை. அவளிடம் இரண்டாந்தரம் கேட்காமல் விட்டதுதான் குற்றம். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவளைப் பொய்காரி என்றாய். நான் உன்னை வளர்த்த வீட்டில் ஆம்பிளை சொன்னால் கணக்கு முடிந்தது. அதை நீ என்னிடம்தான் படித்திருக்கிறாய். ஆகவே குருநகருக்குப் போய், "அப்பா இப்பிடிச் செய்துபோட்டார்" என்று தொடங்காதே. அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். நீ செய்ததைச் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வீட்டுக்கு வந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. ஆப்பிளும் திராட்சையும் கட்டிக்கொண்டு போகாதே, சமாதானம் பேச வந்த தரகன் மாதிரி இருக்கும். வெறுங்கையோடு போ. தகப்பனுக்கு முன்னாலேயே கதை. அவள் உன்னோடு வராமல் விடக்கூடும், அப்படியென்றால் அடுத்த ஞாயிறும் போ. நான் வரவேண்டுமென்றால் வருகிறேன், வேண்டாமென்றால் இங்கேயே இருக்கிறேன். அவர்கள் வீட்டில் எவ்வளவு கோபமிருந்தாலும் வந்தவனை இருத்தித் தேத்தண்ணி கொடுப்பார்கள், எனக்கும் தந்தார்கள். அவள் அதைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்துவிட்டுக் கதவு நிலையோடு நிற்பாள். அது ஆற முன்னம் சொல்லிவிடு.

அப்பா